நான்கு வயிறு, ஒரு சட்டி: சோங்சிங்கில் ஹாட்பாட் சாப்பிடப் போகிறவர்களுக்கு

அக்டோபரில் நண்பர்கள் நான்கு பேர் தென்மேற்குச் சீனாவின் சோங்சிங் நகரத்துக்குப் போகிறீர்கள். ஒருவர் சுத்த சைவம், ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவருக்கு அல்சர், நீங்கள் எதையும் சாப்பிடுவீர்கள். ஒரு ராத்திரியாவது எல்லோரும் சேர்ந்து ஹாட்பாட், அதாவது மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் துண்டுகளை முக்கி வேகவைத்துச் சாப்பிடும் விருந்து, சாப்பிட ஆசை, எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், மற்ற மூவரைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரிகளைப் படித்தால் உள்ளே இருக்கும் கவலை வேறு என்று தெரிகிறது. யாரும் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், நான்கு பேரும் ஒரே மேசையில் நிறைவாகச் சாப்பிட்டு எழ முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் எந்தச் சட்டியைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும். அதனால் பதிலில் பெரும்பங்கு சட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

நான் கேட்டரிங் படித்துவிட்டு சிச்சுவான் மாகாணத்துச் செங்டுவில் ஓர் ஓட்டல் அடுப்படியில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவன். விடுமுறை நாள்களில் உடன் வேலை செய்த சமையல்காரர்களோடு சோங்சிங் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரிலிருந்து வந்த நண்பர்களையும் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன், அவர்களில் சைவர்களும் உண்டு. சமையல் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். உடம்பு பற்றிய இடங்களில் நான் மருத்துவர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோங்சிங் சட்டியில் கொதிக்கும் சிவப்புச் சூப் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். சீன மொழியில் ஹாட்பாட்டுக்குப் பெயர் ஹுவோ குவோ. ஹுவோ என்றால் தீ, குவோ என்றால் சட்டி. வடக்கே பெய்ஜிங்கில் நடுவில் புகைபோக்கி வைத்த செப்புப் பாத்திரத்தில் கரி போட்டு, ஏறக்குறைய வெறும் தண்ணீரில் ஆட்டிறைச்சியை முக்கி எள் விழுதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ஸ்டீம்போட் என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். சோங்சிங் சட்டி இவற்றிலிருந்து ரொம்பவும் தள்ளி நிற்பது. அங்கே அடிப்படை தண்ணீரே இல்லை, மாட்டுக் கொழுப்பு. அதை உருக்கி, செங்டுவை ஒட்டிய பிஷியான் ஊரில் மொச்சை போன்ற ஓர் அவரையையும் மிளகாயையும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுதைப் போட்டு, காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, புளிக்கவைத்த கருப்பு சோயா, ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகு எல்லாம் சேர்த்து நிதானமாக வதக்குவார்கள். அந்த விழுதின் மேல் சூப் ஊற்றிக் கொதிக்கவைக்கும்போது மேலே விரற்கடை உயரத்துக்குச் சிவப்பெண்ணெய் மிதக்கும். வாசனை அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் உயிரை விடுவதும் அதற்குத்தான்.

ஆகவே மாட்டிறைச்சி சாப்பிடாத உங்கள் நண்பர் 'மாட்டுத் துண்டை மட்டும் தவிர்த்துவிடுகிறேன்' என்று நினைத்தால் சரியாக வராது. அவர் முக்கி எடுக்கிற உருளைக்கிழங்கின் மேலேயே மாட்டுக் கொழுப்புதான் படிந்திருக்கும். இது தெரியாமல் என்னோடு வந்த ஒருவர் பாதிச் சாப்பாட்டில் விஷயத்தைக் கேட்டுச் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க அவர் முகம் சரியாகவே இல்லை, முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. இதற்கு வழி இருக்கிறது. மாட்டுக் கொழுப்பு சேர்ந்த சட்டிக்கு நியூயோ என்று பெயர். கடுகு வகை எண்ணெய் போன்ற தாவர எண்ணெயில் செய்வது சிங்யோ. பல கடைகளில் இரண்டும் கிடைக்கும், செங்டுவில் சிங்யோ இன்னும் தாராளம். சிங்யோ கேளுங்கள். காரம் குறையாது, வாய்க்குள் படிகிற அந்தக் கனம் மட்டும் குறையும். ஊற்றுகிற சூப்பில் எலும்புச்சாறு இருக்கக்கூடும் என்பதால், மாடு எந்த வடிவத்திலும் கூடாது என்றால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இனி சட்டியின் அமைப்பு. சோங்சிங் என்றதும் படங்களில் பார்த்திருப்பீர்களே, ஒன்பது கட்டம் போட்ட சட்டி, அதற்கு ஜியூகோங்கே என்று பெயர். யாங்சி ஆற்றங்கரைப் படகுத் தொழிலாளர்களும் சுமைதூக்கிகளும் அறிமுகமில்லாதவர்களோடு ஒரே சட்டியைப் பகிர்ந்து, அவரவர் கட்டத்தில் அவரவர் துண்டை வேகவைத்ததிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைத்த குடலும் போட்டியும்தான் அவர்கள் சாப்பாடு என்பதும் அதே கதையின் பகுதி. யாங்சியும் ஜியாலிங்கும் கூடுகிற துறைமுக ஊர், எனவே பொருத்தமான கதைதான், ஆனால் வாய்வழி வந்தது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று, உங்களுக்குத் தேவையானதும் அதுதான்: அந்தக் கட்டங்கள் பொதுவாக வெறும் சட்டம். அதைச் சட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள், அடியில் சூப் எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றாகவே ஓடும். 'சைவக்காரருக்கு மூலைக் கட்டம்' என்று ஒதுக்கினால் அவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் இறைச்சி வெந்த அதே சாறு. கட்டங்களுக்கு வேறு பயன் உண்டு. நடுக்கட்டம் தளதளவென்று கொதிக்கும், சட்டென்று வேகவேண்டியதை அங்கே போடுவார்கள். மூலைகள் அடங்கிக் கொதிக்கும், நேரம் எடுப்பதை அங்கே விட்டுவைப்பார்கள்.

நீங்கள் கேட்கவேண்டியது யுவான்யாங் சட்டி. யுவான்யாங் என்பது எப்போதும் இணையாகத் திரியும் ஒரு வாத்து. நடுவில் வளைந்த தடுப்பு அடியோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும், ஒரு பக்கம் காரமான சிவப்புச் சூப், ஒரு பக்கம் காரமில்லாத வெள்ளைச் சூப். இதைவிட நல்லது நான்கு அறைச் சட்டி. 1994இல் சிச்சுவானின் ஜியான்யாங்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் கிளைவிட்டிருக்கும் ஹைதிலாவ் போன்ற பெரிய கடைத்தொடர்களில் அது கிடைக்கும். நான்கு பேருக்கு நான்கு சூப்: உங்களுக்குச் சிவப்பு, மாடு சாப்பிடாதவருக்குச் சிங்யோ, அல்சர்காரருக்குத் தக்காளி, சைவருக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரா என்று முகம் சுளிக்காதீர்கள். தக்காளிச் சூப், காளான் சூப் என்று பெயர் இருந்தாலும் பல இடங்களில் அடியில் கோழிச் சாறோ எலும்புச் சாறோ இருக்கும். தண்ணீரில் ஏமாற்ற எதுவும் இல்லை. நாலைந்து காளான், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளி கேட்டு வாங்கிப் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் உங்கள் நண்பர் தன் சூப்பைத் தானே செய்தவராகிவிடுவார். என்னோடு வந்த சைவ நண்பர்கள் ரசித்துச் சாப்பிட்டது இப்படிச் செய்ததைத்தான்.

சைவருக்கு இன்னும் சில எச்சரிக்கை. மீன் டோஃபு என்று வெள்ளைச் சதுரமாக வருவது டோஃபுவே இல்லை, மீன் விழுது. தொட்டுக்கொள்ளும் சாமான்கள் வைத்திருக்கும் மேசையில் கரும்பழுப்பாக இருப்பவற்றில் ஒன்று சிப்பிச் சாறு. பரிமாறுகிறவர் உதவிக்கு வந்து சிவப்புப் பக்கத்துக் கரண்டியாலேயே இந்தப் பக்கமும் கிளறக்கூடும், எனவே உட்கார்ந்ததும் ஒரு கண் அகப்பையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். 'வோ ச்சி சூ' என்றால் 'நான் சைவம் சாப்பிடுகிறேன்' என்று பொருள். உச்சரிப்பு பிசகினால் புரியாது, ஆகவே மொழிபெயர்ப்புச் செயலியில் 'இறைச்சி, மீன், கோழிச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம்' என்று முழுவாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்பது மட்டும் போதாது, அதைக் கேட்பவர் துண்டுகளைத்தான் நினைப்பார், சூப்பை நினைக்கமாட்டார். இத்தனையும் செய்தபிறகும் பொதுச் சமையலறை பொதுச் சமையலறைதான். ஒரு துளிகூடக் கலக்கக்கூடாது என்கிற அளவு கண்டிப்பானவர் என்றால் அன்று அவரை வற்புறுத்தாதீர்கள். செங்டுவிலும் தங்குவதாக இருந்தால் வென்ஷு மடாலயத்துச் சைவச் சாப்பாட்டுக்கு நான்கு பேருமாகப் போய்விடுங்கள்.

அவருக்குச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கவலையே வேண்டாம். தாமரைத் தண்டு, உருளை, நீர்ப்பூசணி, கடற்பாசி, பட்டாணித் தளிர், ஐந்தாறு வகைக் காளான், டோஃபு ஆடை எல்லாம் உண்டு. உறையவைத்த டோஃபுவை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். குளிரில் உறைந்து உருகும்போது உள்ளே பஞ்சுபோலத் துளை விழுந்திருக்கும், சூப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கடித்தால் வாய் நிறையச் சாறு. அதே காரணத்தால் எடுத்தவுடனே கடித்துவிடக்கூடாது, அண்ணம் வெந்துபோகும்.

காரத்துக்கு வருகிறேன். 'நாங்கள் ஆந்திராக் காரமே சாப்பிட்டவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மிளகாய்க் காரம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். புதிதாக இருக்கப்போவது ஹுவாஜியாவ். சிச்சுவான் மிளகு என்று சொன்னாலும் நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் இவையெல்லாம் சேர்ந்த குடும்பம் அது. விதையை நீக்கிவிட்டு மேல்தோலைப் பயன்படுத்துவார்கள். அதில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டும். 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் உதட்டில் அதைத் தடவிப் பார்த்தபோது, தடவப்பட்டவர்கள் உணர்ந்தது விநாடிக்குச் சுமார் 50 முறை அதிர்வதற்கு ஒப்பான துடிப்பு. முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் ஒவ்வாமையோ என்று பயந்துவிடுவார்கள். உதடு மரமரவென்று துடிப்பதும் எச்சில் ஊறுவதும் இயல்பு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தொண்டை இறுகுவது, முகம் வீங்குவது, உடம்பில் தடிப்பது ஆகியவை இயல்பல்ல, உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். எள்ளும் வேர்க்கடலையும் மேசையெங்கும் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

மரப்பு 'மா', உறைப்பு 'லா', சேர்ந்தால் மாலா. ஆர்டர் எடுக்கும்போது காரத்தின் அளவு கேட்பார்கள். வெய்லா என்றால் இளங்காரம். சோங்சிங்கில் அதற்குக் கீழே இறங்க மனமே வராது அவர்களுக்கு, அந்த ஊர் இளங்காரம் நம் பிள்ளைகள் அழுகிற காரம். முதல் நாள் வெய்லாவில் நில்லுங்கள். சூப் கொதிக்கக் கொதிக்கச் சுண்டி, ஒரு மணி நேரத்தில் தொடக்கத்தைவிடக் கடுமையாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள், கேட்டால் வெள்ளைச் சூப் ஊற்றித் தணித்துக் கொடுப்பார்கள். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. பால், தயிர் உதவும். அங்கே சோயாப் பாலும், புளிப்புப் பிளம் பழச் சாறும், பிங்ஃபென் என்ற ஒரு ஜெல்லியும் கிடைக்கும். ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசிபோல வழுக்கும், மேலே கருப்பட்டிப் பாகு நிறத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றியிருப்பார்கள். உங்கள் நான்கு பேருக்கும் ஒத்துவரக்கூடிய ஒரே பண்டம் அதுவாகத்தான் இருக்கும், ஆளுக்கொன்று சொல்லிவிடுங்கள்.

தொட்டுக்கொள்ளச் சோங்சிங்கில் கொடுப்பது நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும். எண்ணெயில் முக்கிச் சாப்பிடுவதை மறுபடி எண்ணெயில் தொடுவதா என்று தோன்றும். தொட்டுப் பாருங்கள். கொதிக்கிற துண்டு அந்த எண்ணெயில் ஆறும், மேலே ஒட்டிய காரத்தில் கொஞ்சம் எண்ணெயோடு போகும், பூண்டு கொழுப்பின் கனத்தை வெட்டும். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். அந்த எண்ணெய் வயிற்றில் படலம்போலப் படிந்து காரத்திலிருந்து காக்கும் என்று உள்ளூரில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி அல்சர் நண்பரைச் சிவப்புப் பக்கம் இழுத்துவிடாதீர்கள், அது நம்பிக்கை மட்டுமே. ஈர மண்ணில் வாழ்கிற உடம்பிலிருந்து காரம் ஈரத்தை வெளியேற்றும் என்பதும் அப்படித்தான், அவர்களுடைய மரபு மருத்துவத்தின் கருத்து. நாற்பது டிகிரி வெயிலிலும் வியர்வை வழியச் சாப்பிடுகிற அந்த மக்களின் மகிழ்ச்சி உண்மை, அதற்கு மருத்துவக் காரணம் தேவையும் இல்லை. அல்சர் நண்பர் கிளம்புவதற்கு முன் தன் மருத்துவரிடம் கேட்கட்டும். காரமும் கொழுப்பும் சேர்ந்தால் எனக்கு வேலை பார்த்த காலத்திலேயே மறுநாள் காலை வயிறு சரியாக இருக்காது. நீண்ட பேருந்துப் பயணம் உள்ள நாளுக்கு முந்தைய இரவில் ஹாட்பாட் வைக்காதீர்கள்.

சாப்பிடும் முறையில் கொஞ்சம் கவனம் தேவை. பச்சை இறைச்சி எடுக்கிற சாப்ஸ்டிக்கும் வாயில் வைக்கிற சாப்ஸ்டிக்கும் வேறு வேறாக இருக்கட்டும். இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெல்லிதாகச் சீவிய மாட்டு இரைப்பைக்கு ஏழு முறை தூக்கி எட்டு முறை இறக்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், பத்துப் பதினைந்து விநாடி. அதற்கு மேல் போனால் ரப்பர். என் மூத்த சமையல்காரர் ஒருவர் முதல்முறை என்னை அழைத்துப்போனபோது சாப்ஸ்டிக்கை விடாமல் பிடித்து, உதடசைத்து எண்ணி, ஓரம் சுருண்டதும் என் கிண்ணத்தில் போட்டார். நான் சமையல் படித்தவன், வேகும் நேரத்தை ஒருவர் விரலில் வைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் இந்த அவசரக் கணக்கு அந்த ஓரிரு பண்டத்துக்கு மட்டும். பன்றி இறைச்சி, கோழி, மீட்பால், இறால் எல்லாம் உள்வரை வேகவேண்டும். ஊசிபோல நீளமான எனோக்கி காளானையும் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். 2020இல் அமெரிக்காவில் அந்தக் காளான் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி உயிரிழப்பு வரை போனது. எடுத்ததை எண்ணெயில் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்க்குக் கேடு செய்யக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. அது பானங்களைப் பற்றிய முடிவு, ஆனாலும் கொதிக்கிற கொழுப்பில் இருந்து எடுத்ததை அப்படியே விழுங்க அவசியம் என்ன?

முதலில் இறைச்சி, பிறகு டோஃபு, காளான், அதன்பின் மாவுப்பொருள், கடைசியில் கீரை. உருளைக்கிழங்கை முதலிலேயே கொட்டினால் சூப் கஞ்சியாகிவிடும். கீரை எண்ணெயைக் குடித்துக்கொண்டு வரும், அதை வெள்ளைச் சூப்பில்தான் நான் போடுவேன். தட்டுத் தட்டாகச் சட்டியில் கவிழ்க்காதீர்கள், கொதி அடங்கிவிடும், உங்கள் துண்டு எங்கே போனது என்றும் தெரியாது. பல கடைகளில் பாதித் தட்டு வாங்கலாம், நான்கு பேருக்கு எட்டுப் பத்துப் பாதித் தட்டில் தொடங்கி, பிறகு வேண்டியதைச் சொல்லுங்கள். ஹாட்பாட்டில் எனக்குப் பிடித்ததே இந்த நிதானம்தான். யாரும் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது, வேகிறவரை பேசிக்கொண்டுதான் இருக்கவேண்டும். இரண்டு மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஊரில் சேர்ந்து உட்கார நேரம் கிடைக்காத நண்பர்கள் அந்தச் சட்டியைச் சுற்றி மனம்விட்டுப் பேசியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அது கிடைக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக: சூப்புக்குத் தனிக் கட்டணம், தொட்டுக்கொள்வதற்கும் தேநீருக்கும் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும், டிப்ஸ் வழக்கம் இல்லை. மேசையில் உள்ள குறியீட்டைப் போனில் படித்துத்தான் ஆர்டர், அலிபே என்ற பணச் செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைத்து ஊரிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். பயன்படுத்திய எண்ணெயை மறுபடி ஊற்றுவார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். சட்டப்படி கூடாது. பொட்டலம் கட்டிய கொழுப்புக் கட்டியை மேசையில் உங்கள் கண்முன் பிரித்துப் போடுகிற கடைகள் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட கடையாகப் பாருங்கள், மனம் நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட கடை. நான்கு பேர் சேர்ந்து போகும் இரவுக்கு, நான்கு அறைச் சட்டி தருகிற பெரிய கடைத்தொடர் ஒன்றையே சொல்வேன். சைவக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், படம் போட்ட பட்டியலும் இருக்கும். இன்னொரு நாள் நீங்கள் மட்டும், விரும்பினால் கூட ஒருவர், குகைக் கடைக்குப் போங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது சோங்சிங் மக்கள் மலையைக் குடைந்து பதுங்கிய சுரங்கங்கள் சிலவற்றில் இன்று ஹாட்பாட் கடைகள் நடக்கின்றன. பாறைச் சுவர், தாழ்ந்த கூரை, புகை, சத்தம், ஒன்பது கட்டச் சட்டி எல்லாம் அங்கே இருக்கும். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள், அந்த வாசனை இரண்டு துவைப்பு வரை போகாது. அக்டோபர் முதல் வாரம் அவர்களுடைய தேசிய நாள் விடுமுறை, ஊரே நிரம்பி வழியும், முடிந்தால் எட்டாம் தேதிக்குப் பிறகு போகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். எந்தக் கடையானாலும் மாலை ஐந்தரைக்கு உள்ளே இருங்கள். ஆறரைக்குப் போனால் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உங்கள் எண் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.